கையோடு வந்த சாவி

எனக்கு வலிப்பு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஓடி வந்து தன் சாவியை என் கையில் திணித்துவிடுவார். இருபது வருஷமாக இதுதான் நடக்கிறது. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்; டாக்டர்களுக்கு மட்டும்தான் தெரியாது. வலிப்பு எப்படியும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கும். அதற்குள் சாவி வந்து சேர்ந்துவிடுவதால் பெயர் சாவிக்குப் போய்விடும்.

சைக்கிள் சாவி, ஆபீஸ் பீரோ சாவி, ரைஸ் மில் சாவி என்று பல துறைகளின் சாவிகளைப் பிடித்தவன் நான். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையின் சாவி. அதன் வாசனை கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. என் கல்யாணத்தன்று, பந்தி முடிகிற நேரத்தில் எனக்கு வந்துவிட, மண்டபத்து மேனேஜர் தன் இடுப்பிலிருந்த கொத்தையே கழற்றிக் கொடுத்தார். அத்தனை கனமான கல்யாணப் பரிசை வேறு யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

மனைவிக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. பெண் பார்க்கப் போன அன்றே நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கேசரித் தட்டுகள் அந்தரத்தில் நின்றன. அவள்தான் பேசினாள்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேங்க."

"அப்ப சரி. ஆனா ஒண்ணு. வந்தா வந்துச்சுனு எங்கிட்ட சொல்லிடணும். மறைக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். வேறு எந்த நிபந்தனையும் அவள் போடவில்லை. நகை, நிலம், மாமியார் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. இந்த ஒன்றே ஒன்றை மட்டும்தான் நான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு வெளியே மடக்கு மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாளில் தலை நிமிர நேரமிருக்காது. வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "எதையும் மறைக்காம சொல்லுங்க, நடந்தத நடந்த மாதிரி எழுதினாத்தான் வேலை ஆகும்" என்பதுதான். அந்த அறிவுரையைப் பல ஆயிரம் தடவை சொன்னதில் அது எனக்கும் பொருந்தும் என்பது மறந்துபோயிருந்தது.

மனைவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எந்தப் பிள்ளை முட்டையைச் சாப்பிட்டது, எந்தப் பிள்ளை பாக்கெட்டில் போட்டுக்கொண்டது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளிடம் மறைக்கலாம் என்று நினைத்தேன் பாருங்கள், மூளை ஸ்கேனை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். மூன்று வருஷமாக எனக்கு வலிப்பே வரவில்லை. டாக்டருக்கே சந்தோஷம். "கார்த்திகை தீபம் வரைக்கும் வராம இருந்தா மாத்திரையை மெதுவா கம்மி பண்ண ஆரம்பிக்கலாம்" என்றார். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நான் மனு எழுதினால், பாதியில் மேஜையிலேயே சாய்ந்துவிடுவேன். ஒரு பட்டா மாற்ற மனுவில் அரசு முத்திரைக்கு முன்னால் என் எச்சில் முத்திரை விழுந்ததுண்டு. தீபத்துக்கு இன்னும் நாலே மாசம். விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடிப் பௌர்ணமிக்கு, மாத்திரை குறைய வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு மலை சுற்றக் கிளம்பினேன். விரதம். முதல் நாள் ராத்திரியிலிருந்தே சாப்பாடு இல்லை. "சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும் அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து மதித்தேன். சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. மாத்திரை குறைய வேண்டும் என்று வேண்டப் போகிறவன், வேண்டுதலுக்கு முன்னாலேயே குறைத்துக்கொண்டு போய்விட்டேன்.

விடியற்காலையில் கிளம்பி, மலை சுற்றுகிற வழியிலுள்ள அடி அண்ணாமலை கிராமத்தைத் தொட்டபோது நன்றாக வெயில் வந்துவிட்டது. நாக்கில் பழைய செப்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி தட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உட்கார வேண்டும் என்று நினைத்தேன். உட்காருவதற்குள் விழுந்துவிட்டேன்.

கண் திறந்தபோது மேலே மலை, அதைச் சுற்றி வட்டமாக முகங்கள். வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"செருப்ப மூக்குகிட்ட காட்டுங்கபா!"

"செருப்புக்கு எங்க போறது? எல்லாரும் வெறுங்கால்ல வந்துகீறோம்."

"அப்ப வெங்காயம் கசக்கி வைங்க."

"விரதம் இருக்கிற ஆளுக்கு வெங்காயமா? பாவம் யாருக்கு?"

"அதெல்லாம் வேணாம். நான்தான் என் கடை சாவிய குடுத்துட்டேனே. பாரு, நின்னுடுச்சு" என்றது ஒரு பெண் குரல்.

பின்னந்தலை விண் விண் என்று தெறித்தது. அங்கிருந்த சிமெண்டு மேடையின் விளிம்பில் மோதியிருக்கிறேன். ஒருவர் தடவிப் பார்த்து, "எலுமிச்சம்பழம் சைஸ்ல பொடச்சிகீது. ரத்தம் வெளிய வர்ல. ஒண்ணும் பயமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். வெளியே வரவில்லை என்ற வரையில் அவர் சொன்னது சரிதான்.

வலிப்பு முடிந்த கையோடு எனக்கு அரை மணி நேரம் எந்த ஊர், எந்தக் கிழமை என்று தெரியாது. ஆனால் வெட்கம் மட்டும் எப்படியோ முதலில் வந்துவிடும். கூட்டம் அடுத்து யார் தண்ணீர் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது நழுவி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவக் கையை விரித்தால், வலது உள்ளங்கையில் ஒரு நீளமான சாவி. சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்ததில் அதன் அச்சு தோலில் பதிந்திருந்தது.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாருடையது, எப்படி வந்தது என்ற கதை வெளியே வரும். கதை வந்தால் மூன்று வருஷக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். தீபம் போய்விடும். அடுத்த பௌர்ணமிக்குப் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டு, போட்டதையே மறந்துவிட்டேன். சாயங்காலம் அவள் வந்து, "இன்னா, முகம் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள்.

"வெயிலு."

"ஓ" என்றாள். அந்த 'ஓ' சற்று நீளமாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் எனக்குத் தலைவலி வரும், மறுநாள் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. இரண்டாவது வாரம் அது குடும்ப உறுப்பினராகிவிட்டது. பிறகு என் இடது செருப்பு சேட்டை செய்ய ஆரம்பித்தது. நடக்க நடக்கக் காலை விட்டுக் கழன்றுவிடும், எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை நான் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது பக்கத்து டீக்கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"அண்ணா, இன்னொரு செருப்பு எங்க? உள்ள மனு குடுக்கப் போயிருக்குதா?"

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்திவிட்டுப் புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் கழன்றது. அந்தக் கடைக்காரரிடமும் சண்டை போட்டேன். "சார், உங்க வலது கால்ல மட்டும் நிக்குதே, அதுவும் நான் வித்ததுதானே?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கே அவர் மேல் மனு எழுதுவேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

எழுதுகிற கை வலது என்பதால் தொழில் ஓடியது. காகிதத்தைப் பிடிக்கிற இடது கைதான் பிடிக்க மறந்துவிடும். இரண்டு மனுக்கள் காற்றில் பறந்து ரோட்டைக் கடந்தன. அதைவிட மோசம், முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த ஒருவருக்கு நில அளவை கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே போனவர் அரை மணியில் திரும்பி வந்தார்.

"ஐயா, நெலத்த அளக்க வர்றாங்களாம். எனக்கு நெலமே கெடையாதுங்களே. எங்க இருக்குதுனு நீங்களே காட்டிடுங்க."

அன்று சாயங்காலம் மனைவி சோறு போட்டாள். நான் சாம்பாரைத் தட்டுக்கு இடப்பக்கம், தரையில் நிதானமாக ஊற்றினேன். அவள் துணி எடுத்துத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். டாக்டருகிட்ட போறோம்" என்றாள்.

"எதுக்கு? வெறும் அசதி."

"சாம்பாருக்குத்தான் அசதி. கெளம்புங்க."

மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் நானும் அவளும் உட்கார்ந்தோம். தலைவலி, தூக்கம், செருப்பு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஃபிட்ஸ் ஏதாவது வந்துச்சா?"

"இல்லைங்க டாக்டர்."

"கீழ விழுந்தீங்களா? தலைல அடி?"

"இல்லவே இல்லைங்க."

இவ்வளவு தெளிவாகப் பொய் சொல்கிறவனுக்கு மூளையில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று எனக்கே தோன்றியது. டாக்டர் ஃபைலைப் புரட்டினார். மூன்று வருஷம் வலிப்பே இல்லை. பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"மாத்திரைதான் கொஞ்சம் ஜாஸ்தியோ என்னவோ. ரத்தத்துல அளவு பார்த்துட்டு, இப்பவே கம்மி பண்ணிடலாமா?"

தீபம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை! நான் வேண்டியது மேஜை மேல் வந்து உட்கார்ந்திருந்தது. என் முகத்தில் சிரிப்பு வந்தது. அதன் இடது பாதி மட்டும் சரியாக வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

அப்போது மனைவி கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சிவப்புத் துணி கட்டிய சாவி.

"இது எங்க வீட்டு சாவி இல்லைங்க டாக்டர். பௌர்ணமி அன்னிக்கு தொவைக்க எடுத்த சட்டைல இருந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

யாரோ ஒருவரின் சாவி என் பையில் ஏன் இருக்கும் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான். வேறு வீட்டுப் பெண்ணின் சாவி என்று சந்தேகப்படக்கூட அவளுக்கு வாய்ப்புக் கொடுக்காத வாழ்க்கை என்னுடையது. மூன்று வாரமாக அவளுக்குத் தெரியும். நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

சொன்னேன். விரதம், மாத்திரை, சிமெண்டு மேடை, எலுமிச்சம்பழம் எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் எழுதிய எந்த மனுவையும்விட அது சுருக்கமாகவும் உண்மையாகவும் இருந்தது. டாக்டர் பேனாவை மூடினார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இடது கை மெதுவாகக் கீழே இறங்கியதை மூன்று பேரும் பார்த்தோம்.

"இப்பவே ஸ்கேன்" என்றார்.

படத்தை அவர் வெளிச்சத்தில் காட்டினார். தலைக்குள் வலது பக்கம், மூளைக்கும் எலும்புக்கும் நடுவில், ஒரு பிறை. மலை சுற்றப் போய் முழு நிலாவைப் பார்த்தவன், தலைக்குள் பிறையைக் கொண்டு வந்திருக்கிறேன்.

"ரத்தம். கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு மூளையை ஒரு பக்கமா அழுத்துது. அதனாலதான் கையும் காலும் இப்படி."

"வலிப்பு வந்தா இப்படி ஆகுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"ரொம்ப அபூர்வம்மா. மூளையில ரத்தம் கசிஞ்சு அதனால வலிப்பு வர்றதத்தான் நாங்க அதிகமா பாக்கறோம். வலிப்பு வந்து அதனால ரத்தம் கசியறது கம்மி. அதுவும் பெரும்பாலும் விழற அடியால. அடியே படாம, அந்த நேரத்துல பிரஷர் எகிறி கசியறதும் உண்டு, அது இன்னும் அபூர்வம்."

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட முதல் வரிசையில் வராதவன் நான். கடைசியில் அபூர்வமான ஆள் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டேன். அதை உடனே மனைவியிடம் சொல்லவும் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை.

"மாத்திரையை நான் கம்மி பண்ணி அனுப்பியிருந்தா, இன்னொரு வலிப்பு வந்திருக்கும். இந்த நெலமைல அது வந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல விரும்பல" என்றார்.

ஆம்புலன்சில் வேலூருக்குப் போனோம். அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  பிறகு, "அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றாள். "நீங்களா சொல்லணும்னு வீம்புக்கு பாத்துனே இருந்துட்டேன். செருப்பு கழண்டப்பகூட கேக்கல பாருங்க. எனக்கும்தான் புத்தி இல்ல."

"எனக்கு இல்லைங்கறதுக்கு படமே இருக்குது. உனக்கு அத்தாட்சி இல்லியே" என்றேன்.

அவள் என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். தலையில் அடிக்க முடியாது, கையில் ஊசி. எங்கே அடிப்பது என்று தேடி, கடைசியில் கையை இறக்கிக்கொண்டாள்.   

ஆஸ்பத்திரியில் மொட்டை அடித்தார்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினார்கள். அதில் இரண்டு இடத்தில் வாக்கியம் முடியவேயில்லை. திருத்துவதற்கு நான் பேனா கேட்டேன். "வாய மூடிக்குனு படுங்க" என்று அவள் கையெழுத்துப் போட்டாள். மண்டையில் இரண்டு ஓட்டை போட்டு, தேங்கியிருந்ததை வடிய விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் மாற்றுகிற பழைய ஆயில் மாதிரி இருந்ததாம். மயக்கம் தெளிந்ததும் ஒரு நர்ஸ் இடது கையில் இரண்டு விரலை வைத்து, "இறுக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். "இன்னும்." பிடித்தேன். "போதும் சார், விடுங்க, வலிக்குது" என்றார். கதவருகே நின்றிருந்த என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எந்தக் கோயில்ல மொட்டை?" வேலூர் என்றேன். வேலூரில் எந்தச் சாமிக்கு மொட்டை அடிக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை ஆறு இப்போது ஏழு. மூன்று வருஷக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நாங்கள் முதலில் போனது அடி அண்ணாமலைக்கு. விசாரித்துக் கண்டுபிடித்தோம்; சாவி கொடுத்த பெண்மணியின் கடை கற்பூரம், டீ, தண்ணீர் பாட்டில் விற்கிற சின்னக் கடை. என் மொட்டையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சாவியைத்தான் தெரிந்தது.

"அட, நீதானா! நல்லா பண்ணபா! கடைய தெறக்க வந்தவ உனுக்கு சாவிய குடுத்தேன். திரும்பிப் பாத்தா நீயும் இல்ல, சாவியும் இல்ல. பௌர்ணமி காலை யாவாரம் அத்தனையும் போச்சு. பூட்ட ஒடைக்க பத்து மணி ஆச்சு!"

நான் மன்னிப்புக் கேட்டேன். மனைவி நடந்ததை எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் கோபம் போய், கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பாத்தியா? என் சாவியாலதான் இந்த ஆளு பொழச்சிகீறாரு."

வலிப்பு நின்றதற்கும் சாவிக்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"ஆமாக்கா. உங்க சாவியாலதான் பொழச்சாரு" என்றாள். குரலில் கேலி துளியும் இல்லை. யோசித்துப் பார்த்தால், மறுக்கவும் முடியாது. பிறகு அவளே, "ஆனா அடுத்து யாருக்காவது வந்தா சாவி குடுக்க ஓடாதீங்கக்கா. ஒருக்களிச்சு படுக்க வைங்க, தலைக்கு கீழ துணி வைங்க, எத்தினி நிமிஷம்னு மணிய பாருங்க. தலைல அடின்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றாள்.

"அப்ப சாவி?"

"சாவி கடைய தெறக்க."

அவர் சிரித்துவிட்டு, பூட்டே இல்லாத அந்தச் சாவியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "வச்சிக்க. உனுக்குத்தான் ஒதவும்."

ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டோரம் நடந்தோம். பத்தடி நடந்திருப்போம், என் இடது செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. இரண்டு பேரும் நின்றோம். அவள் செருப்பையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அதை எடுத்து, அவள் கேட்பதற்கு முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"வாரு அறுந்துடுச்சு. தோ பாரு. சத்தியமா வாருதான்."

அவள் நம்பவில்லை. செருப்பை என் கையிலிருந்து வாங்கி, வெயிலில் பிடித்து, அறுந்த வாரின் இரண்டு முனையையும் டாக்டர் படத்தைப் பார்த்த மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி" என்றாள் கடைசியில். "இப்ப இடது கைய நீட்டுங்க."

அடி அண்ணாமலை ரோட்டில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஒற்றைச் செருப்போடு கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் பத்து வரை எண்ணினாள். கை இறங்கவில்லை. அதன் பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.